இன்பநூல் பேரவையும் உடைந்த மண்டைகளும்

காரைக்குடிப் பக்கம் மூக்கில் கட்டுப் போட்டுக்கொண்டு ஒருவர் தெருவில் நடந்தால், "எந்த வண்டியில விழுந்தீக?" என்று கேட்பதுதான் முன்பெல்லாம் வழக்கம். இப்போது, "நீங்க எந்தப் பிரிவு?" என்று கேட்கிறார்கள். அந்தப் பெருமை செட்டிநாட்டு இன்பநூல் பரிந்துரைப் பேரவையையே சேரும்.

படித்தால் மனசுக்குச் சந்தோஷம் தரும் நாவல்களைப் பொதுமக்களுக்கு எடுத்துச் சொல்வதற்காகத் தொடங்கிய அமைப்பு அது. நான்கு பிரிவுகள். காதல் கதைகளுக்குக் காதல் பிரிவு. பூதமும் மந்திரமும் பறக்கிற யாளியும் வரும் கதைகளுக்கு மாயப் பிரிவு. சாமி நம்பிக்கையை வைத்து எழுதிய கதைகளுக்குப் பக்திப் பிரிவு. வெள்ளைக்காரன் காலத்து நீராவி எந்திரம் இன்றைக்கும் ஓய்வு பெறாமல், அதிலேயே கப்பல் வானத்தில் பறந்து, அதிலேயே பித்தளை மனிதர்கள் நடமாடும் கற்பனைக் கதைகளுக்கு நீராவிப் பிரிவு. பேரவை தொடங்கி எத்தனையோ வருடங்கள் ஓடிவிட்டன. இதுவரை ஒரு நாவலைக்கூட அது பரிந்துரைத்ததில்லை. எப்படிப் பரிந்துரைப்பது என்று முடிவு செய்வதற்காகக் கூடிய கூட்டங்களிலேயே பலருக்குப் பல் போயிருந்தது.

இது எதுவும் தெரியாமல்தான் ஈஸ்வரி பேரவை அலுவலகத்தின் மாடிப்படியில் ஏறினாள்.

அவளுக்கு ஜவுளிக்கடையில் பில் போடும் வேலை. வீடு மானகிரியில். புருஷன் அருள்பாண்டி ஆழ்துளைக் கிணறு தோண்டும் வண்டியில் ஓட்டுநர். குழாய் சரிந்து விழுந்து வலது கால் ஒடிந்து, உள்ளே கம்பி வைத்துப் படுக்கையில் கிடந்தான். சும்மா இருந்து பழக்கமில்லாத ஆள். மின்விசிறியோடு சண்டை போட்டான், பல்லியோடு சண்டை போட்டான், கடைசியில் கிரிக்கெட்டில் தோற்ற கோபத்தில் செம்பை வீசி டிவியையும் உடைத்தான். ஒருநாள் பலசரக்குச் சுற்றி வந்த வாரப் பத்திரிகைத் தாளில் இருந்த ஒரு துண்டுக் கதையை அவள் வாசித்துக் காட்டியபோது மட்டும் அவன் பேசாமல் கேட்டான். தாள் முடிந்ததும், "அப்புறம்?" என்றான். அப்புறத்துக்குத்தான் அவள் கிளம்பி வந்தாள்.

மாடியில் பேரவைத் தலைவர் ராமநாதன் இருந்தார். வங்கி மேலாளராக இருந்து ஓய்வு பெற்றவர். அவரோடு நான்கு பிரிவுத் தலைவர்களும் இருந்தார்கள். அவள் வாயைத் திறப்பதற்குள் ஒரு பொன்னாடையைப் போர்த்தினார்கள். பொன்னாடை இல்லாமல் அங்கே யாரும் பேசக் கூடாதாம். சித்திரை வெயிலில் அந்தச் சரிகைக்குள் வேர்த்து வழிய, ஈஸ்வரி சொன்னாள்:

"போர் வண்டிக் குழாய் விழுந்து வீட்டுக்காரரு கால் ஒடிஞ்சு கெடக்காரு சார். வாசிச்சுக் காட்ட ஒரு நல்ல கதைப் புத்தகம் சொல்லுங்க. விறுவிறுன்னு போகணும். அம்புட்டுதான்."

ராமநாதன் கண்ணை மூடித் திறந்தார். "அம்மா, ஒரு வாசகர் நேரில் வந்து நூல் கேட்பது இப்பேரவையின் வரலாற்றில் இதுவே முதல்முறை. இப்படி ஒரு நெருக்கடி வரும் என்று நாங்கள் எதிர்பார்க்கவில்லை."

"நெருக்கடி என்ன நெருக்கடி?" என்றார் காதல் பிரிவுத் தலைவி தேனம்மை. "புருஷன் பொண்டாட்டி விசயம். காதல் பிரிவுக்குத்தான் வரணும்."

"கால்ல கம்பி வச்சிருக்கா?" என்று கேட்டார் நீராவிப் பிரிவுத் தலைவர் ஆதித்தன். பாலிடெக்னிக்கில் பாடம் எடுத்தவர்.

"வச்சிருக்குங்க."

"உடம்புக்குள்ள உலோகம் போயிருச்சு. இனிமே அவரு பாதி எந்திரம். எங்க ஆளு."

"அம்புட்டு எடைக் குழாய் விழுந்தும் உசுரு தப்பியிருக்கே, அது யாரு செயல்?" என்று பக்திப் பிரிவு அழகுசுந்தரம் மேலே கையைக் காட்டினார்.

"செயல்னு எப்பிடிச் சொல்றீக? அதுக்குப் பேருதான் மாயம்" என்றார் மாயப் பிரிவு சத்தியமூர்த்தி.

பேரவையின் விவாதத்துக்கு ஓர் ஒழுங்கு உண்டு. முதலில் 'வணங்குகிறேன்' என்பார்கள். அடுத்து 'பணிவோடு மறுக்கிறேன்' என்பார்கள். அதற்கு அடுத்தது கை பேசும். அழகுசுந்தரம் வணங்கினார். சத்தியமூர்த்தி பணிவோடு மறுத்தார். உடனே அழகுசுந்தரத்தின் உள்ளங்கை சத்தியமூர்த்தியின் கன்னத்தில் விழுந்த சத்தம் கீழே டீக்கடை வரைக்கும் கேட்டது. அவருடைய மூக்குக்கண்ணாடி எகிறிப் போய்த் தேனம்மையின் காபியில் விழுந்தது. தேனம்மை காபியைக் கண்ணாடியோடு ஆதித்தன் முகத்தில் ஊற்றினார். ஆதித்தன் மேசை மேல் தாள் பறக்காமலிருக்க வைத்திருந்த கல்லை எடுத்து எறிய, அது யார் மேலும் படாமல் ஈஸ்வரியின் காதை உரசிக்கொண்டு போய்ச் சுவரில் மாட்டியிருந்த நிறுவனரின் படத்தை உடைத்தது.

"நிறுவனர் எதையும் தாங்குவார்" என்று ராமநாதன் அமைதியாகச் சொன்னார். "அம்மா, கேட்பவரை நேரில் ஆய்வு செய்யாமல் நூல் தர இயலாது. ஞாயிற்றுக்கிழமை வருகிறோம்."

"அவரு காது நல்லாத்தான் சார் கேக்கும்" என்றாள் ஈஸ்வரி. அதை யாரும் காதில் வாங்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை வேனில் வந்து இறங்கினார்கள். முன்னால் ஒருவர் பேனர் பிடித்து நடந்தார். அக்கம்பக்கத்தார் தேர்தல் என்று நினைத்து வாசலுக்கு வந்தார்கள். படுத்துக்கிடந்த அருள்பாண்டிக்கு முதலில் பொன்னாடை. எழுந்து நிற்க முடியாததால் அதைப் போர்வை மாதிரி கழுத்து வரைக்கும் இழுத்துவிட்டார்கள். அவன் பதறிக் கத்தினான்:

"ஏ ஈஸ்வரி, நான் உசுரோட இருக்கேன்னு சொல்லு இவுககிட்ட!"

தேனம்மை அவன் தலைமாட்டில் உட்கார்ந்து, "தம்பி, மனைவியப் பாத்தா நெஞ்சு படபடங்குதா?" என்று விசாரித்தார்.

"ஆமா. எப்பயாச்சும் கொழம்புல ஒறைப்ப அள்ளிப் போட்டுருவா."

"படபடப்பு இருக்கு. காதல்தான்" என்று தேனம்மை அவனுடைய இடது கையைப் பற்றிக்கொண்டார். அழகுசுந்தரம் நெற்றியில் மட்டுமல்லாமல் கண்ணிலும் வாயிலும் விபூதியை அப்பிவிட்டு வலது கையைப் பற்றினார். சத்தியமூர்த்திக்கு இடது கால் கிடைத்தது. மாவுக்கட்டுப் போட்ட வலது காலை ஆதித்தன் எடுத்துக்கொண்டு, பையிலிருந்து ஸ்பேனரை எடுத்து, கம்பி உள்ள இடத்தில் ஒரு தட்டுத் தட்டினார்.

அருள்பாண்டி போட்ட கூச்சலில் புளியமரத்துக் காக்காய்கள் மொத்தமும் கிளம்பிவிட்டன.

"கேட்டீகளா? விசில் மாதிரியே இருக்கு!" என்று ஆதித்தன் மகிழ்ந்தார். "நீராவி!"

மற்ற மூவரும் விடவில்லை. நான்கு பேரும் நான்கு பக்கம் இழுத்தார்கள். ஒரு மனிதன் நான்கு வகை இலக்கியத்துக்கு நடுவில் கட்டிலை விட்டு மேலே எழும்பியதை ஈஸ்வரி அன்றைக்குத்தான் பார்த்தாள். பிறகு நான்கு பேரும் சொல்லிவைத்ததுபோல ஒரே நேரத்தில் ஒருவரை ஒருவர் அடிப்பதற்காகக் கையை விட்டார்கள். அருள்பாண்டி தொப்பென்று கீழே விழுந்தான். மாவுக்கட்டு பிளந்தது. ஈஸ்வரி விளக்குமாற்றை எடுத்தாள். பக்கத்து வீட்டு மீனம்மாள் உலக்கையோடு வந்தாள். பேரவை, வேனில் ஏறியவர் பாதி, வேனைத் துரத்தி ஓடியவர் பாதியாகக் கலைந்தது.

ஜன்னல் வழியே தலையை நீட்டி ராமநாதன் கத்தினார்: "ஆய்வு திருப்தி! கண்டனூர் விழாவில் அறிவிப்போம்! வந்து பெற்றுக்கொள்ளுங்கள்!"

"போகாதே" என்றான் அருள்பாண்டி, தரையில் கிடந்தபடி. ஆனால் மறுபடி கட்டுப் போட்டு, படுக்கை இன்னும் நீண்டுபோனது. பல்லிகூட வீட்டை விட்டுப் போய்விட்டது. திட்டுவதற்கு ஆளில்லாமல் அவன் சுவரைப் பார்த்துக்கொண்டே கிடந்ததுதான் ஈஸ்வரிக்குப் பொறுக்கவில்லை. கத்துகிற மனுசனைத் தாங்கலாம், கத்தாமல் கிடப்பவனைத் தாங்க முடியாது என்று நினைத்துக்கொண்டு பஸ் ஏறினாள்.

கண்டனூரில் கல்யாணத்துக்கும் திருவிழாவுக்கும் மட்டுமே திறக்கிற பெரிய வீடு ஒன்றை விழாவுக்குப் பிடித்திருந்தார்கள். உள்முற்றத்தில் மேடை. மேடையில் நான்கு வெள்ளித் தாம்பாளம். தாம்பாளத்துக்கு ஒன்றாகப் பட்டுத் துணியில் சுற்றிய நான்கு நாவல். ஒவ்வொரு பிரிவின் ஆதரவாளர்களும் தத்தம் அடையாளத்தோடு வந்து உட்கார்ந்திருந்தார்கள். காதல் பிரிவினரின் கையில் முள் சீவாத ரோஜாக் கம்பு. பக்திப் பிரிவினர் மடியில் சிதறுகாய்த் தேங்காய். நீராவிப் பிரிவினர் அடுப்போடு ஒரு பெரிய குக்கரைக் கொண்டுவந்து காலியாக வைக்க மனமில்லாமல் பருப்பைப் போட்டு ஏற்றியிருந்தார்கள். மாயப் பிரிவினர் காகிதக் கூழில் செய்த யாளித் தலை ஒன்றைச் சுமந்து வந்திருந்தார்கள். ஹெல்மெட் எல்லாப் பிரிவுக்கும் பொது. ஈஸ்வரி மட்டும்தான் வெறும் தலையோடு உட்கார்ந்திருந்தாள்.

விளக்கேற்றி, வரவேற்புரை வழங்கி, வரவேற்புரை வழங்கியவரைப் பாராட்டி ஓர் உரை வழங்கி, பாராட்டியவருக்குப் பொன்னாடை போர்த்தி முடிந்தபின் ராமநாதன் பேச எழுந்தார்.

"பெரியோர்களே! இந்த நான்கு நூல்களில் ஒன்றையும் நான் படிக்கவில்லை. இதைப் பெருமையோடு சொல்கிறேன். படித்தால் ஒன்று பிடித்துப்போகும், ஒன்று பிடிக்காமல் போகும். அங்கேதான் பாரபட்சம் நுழைகிறது. நான் வங்கியில் இருந்தபோதும் கடன் கேட்டு வருபவர் முகத்தைப் பார்த்ததில்லை. பிரிவுத் தலைவர்களும் என் வழியில் நின்று, நூலைத் திறக்காமலேயே தேர்ந்தெடுத்திருக்கிறார்கள். துணியை அவிழ்க்காமலேயே பரிந்துரைக்கப் போகிறோம். இதற்குப் பெயர் நடுநிலை!"

கைதட்டல் அடங்க நேரம் பிடித்தது.

"முதலில் எந்தப் பிரிவு என்ற பிணக்கு வேண்டாம். அகர வரிசையில் போவோம். காதல், நீராவி, பக்தி, மாயம்."

சத்தியமூர்த்தி எழுந்தார். "தலைவரை வணங்குகிறேன். எப்பப் பாத்தாலும் நாங்க கடைசியா? அந்த அகர வரிசைய எவன்யா போட்டது?"

"பணிவோடு மறுக்கிறேன்" என்றார் அழகுசுந்தரம்.

அவர் உட்காரும் முன்பே யாளித் தலை வந்து அவர் தலையில் கவிழ்ந்தது. உள்ளே இருந்து அவர் போட்ட கூச்சலைக் கேட்டு முதல் தேங்காய் புறப்பட்டது. அது ஹெல்மெட்டில் பட்டு உடைந்து, ஓடு தெறித்து ஒருவரின் உதட்டைக் கிழித்தது. அடுத்தடுத்து வந்த தேங்காய்களில் பாதிதான் உடைந்தன, பட்டவர்கள் எல்லாரும் உடைந்தார்கள். ரோஜாக் கம்புகள் முதுகில் கோடு போட்டன. பொன்னாடைக்கு ஒரு புதுப் பயன் தெரியவந்தது. ஆதித்தனின் கழுத்தில் அதைச் சுற்றித் தேனம்மை ஒரு முனையை இழுக்க, மறுமுனையை இழுத்தவர் நீராவிப் பிரிவின் செயலாளர். காப்பாற்ற நினைத்துத்தான் இழுத்தார். ஆதித்தனின் நாக்கு வெளியே வந்தது. நினைவுக் கேடயங்களைக் கொடுக்க வேண்டியவர்களுக்கு மண்டையிலேயே கொடுத்தார்கள். முற்றத்துத் தரையில் இரத்தமும் தேங்காய்த் தண்ணீரும் கலந்து ஓடி, ஓடியவர்கள் எல்லாம் வழுக்கி விழுந்தார்கள். யாரும் கவனிக்காத குக்கர் அந்த நேரம் பார்த்து வெடித்தது. கூரையில் பருப்பு. மூடி பறந்து போய் ஒலிபெருக்கியைப் பிளந்தது.

"நீராவி!" என்று ஆதித்தன், கழுத்தில் சுருக்கோடு, பரவசமாக முனகினார்.

தூணுக்குப் பின்னால் ஒண்டியிருந்த ஈஸ்வரி மேடையைப் பார்த்தாள். நான்கு புத்தகமும் ஒரு கீறல்கூட இல்லாமல் தாம்பாளத்தில் இருந்தன. ஒன்றை எடுத்துக்கொண்டு ஓடிவிட்டால் போதும். குனிந்து, விழுந்து கிடந்தவர்களைத் தாண்டி மேடையில் ஏறி, கிட்டத்தில் இருந்த பட்டுத் துணியை அவிழ்த்தாள்.

"வாசகர் நூலைத் தொடுகிறார்!" என்று ராமநாதன் அலறினார். "தடுங்கள்! வாசகர் நூலைத் தொடுகிறார்!"

முற்றம் முழுவதும் சண்டை நின்றது. பேரவை பிறந்த நாளிலிருந்து நான்கு பிரிவும் ஒன்றுபட்ட ஒரே தருணம் அதுதான். எல்லாரும் திரும்பி அவளை நோக்கி வந்தார்கள். யார் கையிலிருந்தோ ஒரு கேடயம் பறந்து வந்து அவளுடைய நெற்றியைப் பிளந்தது. இரத்தம் புருவத்தில் இறங்கிக் கண்ணை மறைத்தது. அதைப் புறங்கையால் துடைத்தாள். பில் போடும் இடத்தில் நாள் முழுக்க நின்றுகொண்டு, "வாங்க, பொறுங்க, சரிங்க" என்று மட்டுமே சொல்லிப் பழகியவளின் கை அது. அந்தக் கை வெள்ளித் தாம்பாளத்தை எடுத்தது.

முதல் அடி ராமநாதனுக்கு.

"ஐயோ அப்பச்சி!" என்று நடுநிலையாளர் வாயைத் திறந்து ஊர்ப் பேச்சில் கத்தினார்.

"ஒரு கதைப் புத்தகம் கேட்டேன்!" என்று இரண்டாவது அடி. "ஒண்ணே ஒண்ணு! அதுக்கு என் வீட்டுக்காரர நாலாக் கிழிக்கப் பாத்தீகல்ல!" யாளித் தலையில் ஓர் அடி. தேனம்மையின் தோளில் ஓர் அடி. கோயில் மணி மாதிரி தாம்பாளம் ஒலிக்க ஒலிக்க அவளுக்கு உடம்பெல்லாம் லேசாகிக்கொண்டே வந்தது. வெட்கமாகவும் இருந்தது, நிறுத்தவும் மனசு வரவில்லை. போலீஸ் வந்து கையைப் பிடித்தபோது, "இன்னும் ஒரு ஆளு பாக்கி" என்றாள்.

எஸ்.ஐ. நாகவல்லி எல்லாரையும் வரிசையாக உட்காரவைத்து விசாரித்தார்.

"எதுக்குய்யா அடிச்சுக்கிட்டீக?"

"நாவலுக்காக."

"நாவல்ல என்ன இருக்கு?"

 "அதைச் சொல்ல எங்களுக்கு அதிகாரமில்லை" என்றார் ராமநாதன், வீங்கிய வாயோடு.

நான்கு புத்தகமும் சான்றுப் பொருளாகப் பறிமுதல் ஆயின. காரணம் தெரியாமல் வழக்கு எழுத முடியாதே என்று நாகவல்லி அவற்றைப் படிக்கத் தொடங்கினார். பிறகு ஏட்டு படித்தார். பிறகு வாசல் காவலர் படித்தார். வாக்குமூலம் கொடுக்க ஈஸ்வரி தலைக்கட்டோடு போனபோது, நிலையத்தில் யாரும் அவளை நிமிர்ந்தே பார்க்கவில்லை.

"உக்காரும்மா, இந்தப் பக்கம் முடியட்டும்" என்ற நாகவல்லி, சற்றுப் பொறுத்துப் புத்தகத்தை மடித்தார். "உனக்குத்தான கதை வேணும்னு இம்புட்டும்? காதல் கதை நல்லாத்தான் ஆரம்பிக்குது, நடுவுல ரெண்டு பேரும் பிரிஞ்சுக்கிட்டே இருக்காக, எனக்கே கோவம் வந்துருச்சு. பக்திக் கதையில அந்தப் பூசாரி மக வர்ற எடத்துல ஏட்டு அழுதுட்டாரு. மனசு கனமா இருந்தா அதப் படி. யாளிக் கதை பிள்ளைகளுக்கு ஒத்துவரும். ஆனா உன் வீட்டுக்காரருக்கு இந்த நீராவிக் கதைதான். கொதிகலன் ராணின்னு ஒருத்தி. பறக்குற தேர் ஓட்டுறா. கீழ வைக்க முடியலம்மா."

ஈஸ்வரிக்குக் கண்ணில் தண்ணீர் வந்தது. ஒரு மனுசர் ஒரு கதையைப் பற்றி அடிக்காமல் பேசி அவள் கேட்பது அதுதான் முதல்தடவை. "கொண்டுபோகவா மேடம்?"

"சான்றுப் பொருள் நிலையத்த விட்டு வெளிய போகக் கூடாது. கேக்குற ஆள இங்குட்டுக் கொண்டா."

அன்றிலிருந்து கடை விட்டதும் அருள்பாண்டியை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு ஸ்டேஷனுக்கு வந்தாள். பெஞ்சில் காலை நீட்டி அவன் உட்கார, அவள் வாசிக்க, காவலர்கள் சுற்றி நிற்பார்கள். பித்தளை மனிதர்கள் தேரை மறித்த இடத்தில் அருள்பாண்டி பெஞ்சை ஓங்கிக் குத்தினான். "இந்தக் கொதிகலன் வெடிக்கப் போகுது பாரேன்" என்றான். உள்ளே பிடித்து வைத்திருந்த ஆட்டுத் திருடன், "கொஞ்சம் சத்தமா வாசிங்கக்கா" என்று கம்பிக்குப் பின்னாலிருந்து கேட்டுக்கொண்டான். கதை முடிய ஒரு முப்பது பக்கம் இருந்தபோது, வழக்குக்குத் தேதி வந்து புத்தகங்கள் நீதிமன்றத்துக்குப் போய்விட்டன.

அருள்பாண்டிக்கு அன்றைக்கு இரவு சாப்பாடு இறங்கவில்லை. விசாரணைக்கு அவனும் ஊன்றுகோலோடு வந்துவிட்டான்.

நீதிமன்ற வராந்தாவில் பேரவை முழுவதும் கட்டுகளோடு காத்திருந்தது. பதினோரு மணி தாண்டியும் நீதிபதி இருக்கைக்கு வரவில்லை. டவாலி போட்ட பணியாளர் அறைக் கதவை லேசாகத் திறந்து பார்த்துவிட்டு மூடினார்.

"ஐயா சான்றுப் பொருளைப் பரிசீலிக்கிறாங்க. சத்தம் போடாதீக."

உள்ளேயிருந்து ஒரு சிரிப்புச் சத்தம் வந்தது.

தேனம்மை மெதுவாக ஈஸ்வரியிடம் நகர்ந்து வந்தார். "அது அப்பிடி என்னம்மா கதை?"

"கொதிகலன் ராணிங்க ஆச்சி. தேர்க்காரி ஒருத்தி, எதிரிப் படையில ஒருத்தன் மேல உசுரா இருக்கா..."

"காதல்! நான் சொல்லல?" என்றார் தேனம்மை.

"தேர் எதுல ஓடுது? அதச் சொல்லும்மா" என்று கழுத்துப் பட்டைக்குள்ளிருந்து ஆதித்தன் கரகரத்தார்.

"நீராவியிலதான் ஓடுது. ஆனா உள்ள ஒரு பூதம் உக்காந்து..."

"பூதம்னா மாயம்!"

"அந்தப் பூதத்த அம்மன் கோயில்ல வேண்டித்தான்..."

"வேண்டுதல்! பக்தி!" என்று அழகுசுந்தரம் குதித்தார்.

ராமநாதன் எழுந்து நின்று, "வணங்குகிறேன்" என்றார். அதற்குமேல் யாரும் காத்திருக்கவில்லை. தேனம்மை ஆதித்தனின் கழுத்துப் பட்டையைப் பிடித்தார். அழகுசுந்தரம் சத்தியமூர்த்தியின் கைக்கட்டைப் பிடித்து முறுக்கினார். ராமநாதன் அருள்பாண்டியின் ஊன்றுகோலைப் பிடுங்கப் பார்க்க, அவன் அதாலேயே அவருடைய முழங்காலில் ஒன்று போட்டான். ஒரு வழக்கறிஞரின் அங்கி கிழிந்தது.

அறைக் கதவு படாரென்று திறந்தது. நீதிபதி நின்றார். மூக்குக்கண்ணாடி நெற்றியில் இருந்தது. புத்தகத்துக்குள் விட்ட விரல் வெளியே வரவில்லை.

"எவனாவது மூச்சு விட்டா அத்தனை பேரையும் உள்ள தூக்கிப் போட்டுருவேன்! இங்க கொதிகலன் வெடிக்கப் போகுது, கூச்சல் போடுறீக?"

கதவு மூடியது.

வராந்தாவில் யாரும் அசையவில்லை. ஆதித்தனின் கழுத்தைத் தேனம்மை விடவில்லை, நெரிக்கவும் இல்லை. அப்படியே இரண்டு பேரும் கதவுப் பக்கம் தலையைச் சாய்த்தார்கள். கீழே விழுந்த ராமநாதன் முழங்காலைப் பிடித்தபடியே ஊர்ந்து வந்து கதவடியில் காதை வைத்தார்.

"வெடிக்கும்னு நான் அன்னைக்கே சொன்னேன்ல?" என்று அருள்பாண்டி ஈஸ்வரியின் காதில் கிசுகிசுத்தான். "அவ தப்பிச்சாளா இல்லையா?"

"செத்த சும்மா இருங்க" என்றாள் ஈஸ்வரி. உள்ளே ஒரு பக்கம் புரளும் சத்தம் கேட்டது.